வெள்வேல மரம் இழந்த பெயர்: 'நோமென் கான்செர்வாண்டும்' பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் ஐந்து ஒரே பொருளைத் தொட்டிருந்தன. தாவரங்களின் அறிவியல் பெயர்களை அடுத்துச் சில நூல்களில் காணப்படும் ஓர் இலத்தீன் குறிப்பையும், அதனால் நம் மரங்களின் பெயர்களுக்கு நேர்ந்த மாற்றங்களையும் பற்றியவை அவை. ஆகவே இம்முறை வேறு கேள்விகளை எடுக்காமல், இந்த ஐந்துக்கு மட்டும் விடை தருகிறேன்.

கேள்வி: எங்கள் கொரங்காட்டில் (உயிர்வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) என் மாமனார் காலத்து வெள்வேல மரங்கள் இன்றும் நிற்கின்றன. கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் மகளின் பழைய பாடநூலில் அம்மரத்தின் பெயர் 'அக்கேசியா லியூகோஃப்ளோயியா' என்று இருக்கிறது. அவளுடைய ஆசிரியர் கொடுத்த குறிப்பிலோ 'வச்செல்லியா லியூகோஃப்ளோயியா' என்று இருக்கிறது. அதே குறிப்பில் அக்கேசியா என்ற பெயரை அடுத்து 'நோம். கான்ஸ்.' என்று எழுதி, 'காக்கப்பட்ட பெயர்' என்று பொருளும் தந்திருக்கிறார்கள். பெயர் காக்கப்பட்டது என்றால், அது எங்கள் மரத்தை விட்டு ஏன் போயிற்று?
(ஒரு வாசகி, காங்கேயம் வட்டம்)

பதில்: தங்கள் கேள்வி இந்த விஷயத்தின் நடுநரம்பைப் பிடித்துவிட்டது. பெயரைக் காத்ததனால்தான் தங்கள் மரம் அப்பெயரை இழந்தது. அது எப்படி என்று சொல்வதற்கு முன், அந்தச் சொல்லின் பொருளைத் திருத்தமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

'நோம். கான்ஸ்.' என்பது 'நோமென் கான்செர்வாண்டும்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். நோமென் என்றால் பெயர். அது இலத்தீனில் அஃறிணையை ஒத்த பாலைச் சேர்ந்தது. அதனால்தான் அடுத்து வரும் சொல்லும் 'உம்' என்று முடிகிறது. நம் மொழியின் உம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கான்செர்வாண்டும் என்பதைக் 'காக்கப்பட்ட' என்று பெயர்ப்பது பரவலான வழக்கம் என்றாலும், அது முற்றும் சரியன்று. அச்சொல் நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை. நடந்தாக வேண்டியதைச் சொல்கிறது. 'காக்கப்பட வேண்டியது' என்பதே அதன் பொருள். கூட்டுறவுச் சங்கத்துக் கூட்டங்களில் நாம் அன்றாடம் கேட்கும் 'அஜெண்டா' செய்யப்பட வேண்டியவை என்றும், அலுவலகங்களில் புழங்கும் 'மெமோரண்டம்' நினைவில் வைக்கப்பட வேண்டியது என்றும் பொருள்படும். இவையும் அதே இலத்தீன் வாய்பாட்டில் பிறந்த சொற்களே. பழந்தமிழில் இதற்குச் சற்றும் பிசகாத ஒரு வாய்பாடு உண்டு. செய்ய வேண்டியதைச் 'செயற்பாலது' என்றும், தவிர்க்க வேண்டியதை 'உயற்பாலது' என்றும் சொன்னார்கள் அல்லவா? அந்த வழியில் 'காக்கற்பால பெயர்' என்று இதைத் தமிழில் எழுதினால் இலத்தீனின் கருத்து சிதையாமல் வந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒரு பெயரை எதனிடமிருந்து காக்க வேண்டும்? தாவரப் பெயரியலின் சட்டத்திடமிருந்தே காக்க வேண்டும். அச்சட்டத்தின் அடிப்படை, முந்திய பெயருக்கே உரிமை என்பது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரும்' என்ற நூல் தொடக்க எல்லை. அதற்குப் பின் ஒரே தாவரத்துக்கு இருவர் இரண்டு பெயர் இட்டிருந்தால், முறைப்படி முதலில் அச்சேறிய பெயரே செல்லும். நிலத்துக்கு மூலப் பத்திரம் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. யார் பத்திரம் பழையது என்பதே கேள்வி.

இந்த விதி நேர்மையானதுதான். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் என்ன ஆகும் என்பதை ஓட்டோ குன்ட்சே என்ற ஜெர்மானியத் தாவரவியலார் காட்டினார். அவர் 1891-இல் தொடங்கி வெளியிட்ட நூலில், பழைய ஏடுகளில் யாரும் திரும்பிப் பாராமல் கிடந்த பெயர்களையெல்லாம் தேடியெடுத்து, அவையே முந்தியவை என்று ஆயிரக்கணக்கான தாவரங்களின் பெயர்களை மாற்றினார். விதிப்படி பார்த்தால் அவர் கை ஓங்கியிருந்தது. ஆனால் மருந்துச் சாலைகளும் வனத்துறைகளும் தோட்டங்களும் பல தலைமுறையாகப் புழங்கிய பெயர்கள் ஒரே மூச்சில் செல்லாமற்போவதை உலகத் தாவரவியலார் ஏற்கவில்லை. 1905-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டு மாநாடு அதற்கு ஒரு வழி கண்டது. ஏறத்தாழ 400 பேரினப் பெயர்களை (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு உரியதும், அறிவியல் பெயரின் முதற்பாதியாக வருவதும் பேரினப் பெயர்) பட்டியலிட்டு, இவற்றுக்கு முந்திய பெயர்கள் இருந்தாலும் இவையே நிலைக்கும் என்று தீர்மானித்தது. நோமென் கான்செர்வாண்டும் என்பது அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கான அடையாளம்.

இதற்கு எடுத்துக்காட்டு தேடித் தாங்கள் வெளியே போக வேண்டியதில்லை. தங்கள் கொரங்காட்டு வேலியே போதும். நான்கு புறமும் உயிர்வேலியாக நிற்கும் கிளுவையின் பேரினப் பெயர் கம்மிஃபோரா. பிசினைத் தாங்குவது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. கிளுவையின் தண்டைக் கீறிப் பார்த்தவர்களுக்கு அதன் பொருத்தம் விளங்கும். அப்பெயரை ஜாக்குவின் 1797-இல் வெளியிட்டார். ஆனால் அதே பேரினத்துக்கு 1782-லேயே பால்சாமியா என்ற பெயர் வெளியாகியிருந்தது. மூலப் பத்திரம் பார்த்தால் பால்சாமியாவுக்கே உரிமை. எனினும் கம்மிஃபோராவே எங்கும் வழங்கியதால், அதைக் காக்கற்பால பெயராக்கி, பால்சாமியாவை விலக்கிவிட்டார்கள். ஆகவே கிளுவை இன்றும் கம்மிஃபோராதான்.

வேலிக்குள் நிற்கும் வெள்வேலுக்கு நேர்ந்தது இதைவிடச் சிக்கலானது. அதைப் புரிந்துகொள்ள 'டைப்' எனப்படும் வகைமாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேரினப் பெயரும் அதில் அடங்கிய ஓர் இனத்தோடு நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். பின்னாளில் அப்பேரினத்தைப் பிரிக்க நேர்ந்தால், கட்டப்பட்ட அந்த இனம் எந்தப் பங்கில் விழுகிறதோ அந்தப் பங்குக்கே பழைய பெயர் போகும். நம் பக்கத்தில் குடும்பங்களைத் தோட்டத்தின் பெயரால் அழைப்பது வழக்கம். ஆலமரத்துத் தோட்டத்துக்காரர்கள் மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலமரம் எவர் பாகத்தில் நிற்கிறதோ அவர் வீடுதானே 'ஆலமரத்துத் தோட்டம்'? மற்ற இருவரும் தங்கள் பாகத்துக்கு வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அக்கேசியா என்ற பெயருக்கு ஆலமரமாக நின்றது நம் கருவேலம். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவரான டயாஸ்கோரிடிஸ், எகிப்து நாட்டின் ஒரு முள்மரத்தை 'அகாகியா' என்று குறித்தார். அந்தப் பெயரையே பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை வல்லுநர் 1754-இல் பேரினப் பெயராக வெளியிட்டார். காலப்போக்கில் அதனுள் ஆப்பிரிக்க, ஆசிய, அமெரிக்க முள்மரங்களோடு, பெரும்பாலும் முள்ளே இல்லாத சுமார் 1,000 ஆஸ்திரேலிய இனங்களும் வந்து சேர்ந்தன. மரபணு ஆய்வுகள் வலுப்பெற்றபோது, இவையெல்லாம் ஒரே வமிசம் அல்ல என்பது உறுதியாயிற்று. பாகப்பிரிவினை தவிர்க்க முடியாததாயிற்று.

விதியை அப்படியே பின்பற்றியிருந்தால், கருவேல் இருக்கும் பங்குக்கு அக்கேசியா என்ற பெயர் நின்றிருக்கும். வெள்வேலும் குடைவேலும் அதே பங்கில் உள்ளவை; அவற்றின் பெயர் ஓர் எழுத்தும் மாறியிராது. ஆஸ்திரேலியாவின் 1,000 இனங்களும் ராகோஸ்பெர்மா என்ற பெயருக்குப் போயிருக்கும். அந்நாட்டின் தேசிய மலரே அக்கேசியா இனத்தது. அவர்கள் மனம் ஒப்பவில்லை. 2003-இல் ஆஸ்திரேலியத் தாவரவியலார் இருவர், ஆர்ச்சர்டும் மாஸ்லினும், ஒரு முன்மொழிவை வெளியிட்டார்கள். அக்கேசியா என்ற பெயரைக் காக்க வேண்டும்; ஆனால் அதன் வகைமாதிரியாகக் கருவேலை விட்டுவிட்டு, அக்கேசியா பென்னிநெர்விஸ் என்ற ஆஸ்திரேலிய இனத்தைக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மாற வேண்டிய பெயர்களின் எண்ணிக்கை அப்படிச் செய்தால் மிகவும் குறையும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். நம் உவமையில் சொன்னால், ஆலமரம் அண்ணன் பாகத்தில் நிற்க, தம்பி வீட்டில் ஆட்கள் அதிகம் என்பதால் தோட்டத்துப் பெயரைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டம் தீர்மானிப்பது போன்றது அது.

முதற் பட்டியல் பிறந்து சரியாக நூறாண்டு கழித்து, 2005-இல், மாநாடு மறுபடியும் வியன்னாவிலேயே கூடியது. வல்லுநர் குழு முன்மொழிவை ஏற்கும்படி பரிந்துரைத்திருந்தது. வாக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்தார்கள். ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு 60 விழுக்காடு வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. எதிர்ப்பு அந்த அளவை எட்டவில்லை. ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் அடையாளமான மரங்கள் அப்பெயரை இழப்பதா என்று அடுத்த ஆறு ஆண்டுகள் கடுமையான விவாதம் நடந்தது. 2011-இல் மெல்போர்ன் மாநாட்டில் பெரும்பான்மையோர் அந்த முடிவை உறுதிசெய்தார்கள். அதன் பிறகு நம் பங்குக்கு வச்செல்லியா என்ற பெயரே சட்டப்படி உரியதாயிற்று. வெள்வேலுக்கு 2013-இல் அப்பெயர் முறைப்படி வெளியாயிற்று.

இதில் என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்த ஒரு முடிவு நிலைத்துப்போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. டயாஸ்கோரிடிஸ் சொன்ன மரம் கருவேல்; ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அம்மரத்தோடு ஒட்டியிருந்த சொல்லை எண்ணிக்கையைக் காட்டிப் பிரித்ததில் நியாயம் குறைவு. ஆயினும் முடிவான ஒன்றை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி மீறத் தொடங்கினால், 1905-க்கு முந்திய குழப்பத்துக்கே திரும்பிவிடுவோம். ஆகவே நான் வச்செல்லியா என்றே எழுதுகிறேன். மாணவர்களையும் அப்படியே எழுதச் சொல்கிறேன்.

தங்கள் மகள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. பெயரின் முதற்பாதி எத்தனை முறை மாறினாலும் பின்பாதி மாறவில்லை. ராக்ஸ்பரோ 1800-இல் மிமோசா என்ற பேரினத்தில் இதை வைத்தார், வில்டனோ 1806-இல் அக்கேசியாவுக்கு மாற்றினார், இப்போது வச்செல்லியா. மூன்றிலும் 'லியூகோஃப்ளோயியா' அப்படியே நிற்கிறது. அதன் பொருள் வெண்மையான பட்டை உடையது என்பது. கருவேலோடு ஒப்பிட்டு, பட்டையின் நிறத்தைக் கண்டு நம் முன்னோர் வெள்வேல் என்று அழைத்ததும் அதே காரணத்தால்தான்.

கேள்வி: விதையுறையில் தக்காளிக்கு 'லைக்கோபெர்சிகான் எஸ்குலெண்டம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வேளாண்மைப் பயிற்சி ஒன்றில் 'சொலானம் லைக்கோபெர்சிகம்' என்று சொன்னார்கள். முதற்பெயர் காக்கப்பட்ட பெயர் என்றும் அங்கேயே ஒருவர் சொன்னார். காக்கப்பட்ட பெயர் மாறலாமா?
(ஒரு தக்காளி விவசாயி, உடுமலைப்பேட்டை)

பதில்: மாறலாம். காப்பு என்பது எதற்கு எதிரான காப்பு என்று அறிந்தால் இந்த ஐயம் நீங்கும்.

லின்னேயஸ் 1753-இல் தக்காளிக்குச் சொலானம் லைக்கோபெர்சிகம் என்று பெயரிட்டார். அதாவது கத்தரியும் உருளைக்கிழங்கும் இருக்கும் பேரினத்தில் அதையும் வைத்தார். மில்லர் அதைத் தனிப் பேரினமாக்கி, 1768-இல் லைக்கோபெர்சிகான் எஸ்குலெண்டம் என்று வெளியிட்டார். எஸ்குலெண்டம் என்றால் உண்ணத்தக்கது. மில்லர் வழி நின்று அதைத் தனிப் பேரினமாகக் கொண்டாலும், லின்னேயஸ் முதலில் இட்ட பின்பாதியைக் காப்பாற்றி 'லைக்கோபெர்சிகான் லைக்கோபெர்சிகம்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். முந்திய பெயரின் உரிமை அதையே வேண்டுகிறது. ஆனால் உலகெங்கும் எஸ்குலெண்டம் என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். பேரினப் பெயர்களை மட்டுமே காக்க இடமளித்த சட்டம், 1981-இல் பொருளாதாரச் சிறப்புடைய பயிர்களின் இனப் பெயர்களுக்கும், 1993-இல் எல்லா இனப் பெயர்களுக்கும் அந்த வாய்ப்பைத் திறந்துவிட்டது. அந்த வழியில் எஸ்குலெண்டம் காக்கற்பால பெயராயிற்று.

அதே காலத்தில் மரபணு ஆய்வுகள் தக்காளியைச் சொலானத்திலிருந்து பிரித்தது தவறு என்று காட்டின. உருளைக்கிழங்குக்கு மிக நெருங்கிய உறவு தக்காளி. ஆகவே தாவரவியலார் அதை லின்னேயஸ் வைத்த இடத்துக்கே திருப்பினார்கள். அவர் இட்ட பெயரும் தானே திரும்பிவந்தது. மில்லரின் பெயர் பட்டியலில் காவலோடுதான் இருக்கிறது. தக்காளியைத் தனிப் பேரினமாகக் கொள்பவர் எவரேனும் இருந்தால் அவர் அப்பெயரையே எழுத வேண்டும் என்பதுதான் அந்தக் காவலின் பொருள். பழைய பெயர் ஒன்று வந்து உரிமை கோரினால் அதைத் தடுப்பதே காப்பின் வேலை. தாவரத்தின் உறவுமுறையைப் பற்றி அறிவு வளர்ந்து, அதன் இடம் மாறினால், அதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, இருக்கவும் கூடாது.

விதையுறையில் உள்ள பெயர் பழையது என்றாலும், அது தக்காளியைத்தான் குறிக்கிறது. அதைக் கண்டு விதையின் மேல் ஐயப்பட வேண்டாம்.

கேள்வி: சீமைக் கருவேலுக்கு 'புரோசோபிஸ்' என்ற பெயர் போய் 'நெல்டுமா' என்று வந்திருக்கிறதாமே? இதுவும் காக்கப்பட்ட பெயர்க் கதைதானா?
(ஒரு வாசகர், கொடுமுடி)

பதில்: அன்று, இது காப்பு எதுவும் தேவைப்படாத பாகப்பிரிவினை. அதனாலேயே வெள்வேலோடு வைத்து ஒப்பிட மிகவும் ஏற்றது. புரோசோபிஸ் என்ற பெயரோடு கட்டப்பட்ட வகைமாதிரி எது தெரியுமா? நம் வன்னி மரம். தங்கள் ஊர்க் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதே வன்னி. 2022-இல் அப்பேரினத்தைப் பிரித்தபோது, வன்னி இருந்த சிறிய பங்குக்குப் புரோசோபிஸ் என்ற பெயர் நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக் கருவேலும் அதன் சுற்றமும் எண்ணிக்கையில் மிகுதியாக இருந்தும் நெல்டுமா என்ற பெயருக்குப் போயின. அங்கே ஆலமரம் நின்ற பாகத்துக்கே தோட்டத்துப் பெயர் கிடைத்தது. கருவேலுக்குக் கிடைக்காத நீதி வன்னிக்குக் கிடைத்தது என்றே நான் இதைக் கொள்கிறேன்.

கேள்வி: காக்க வேண்டிய பெயர் என்று ஒரு பட்டியல் இருந்தால், விலக்க வேண்டிய பெயர் என்றும் ஒன்று இருக்குமே? அதில் நம் நாட்டுப் பெயர்கள் உண்டா? மேலும், வச்செல்லியா என்பது யார் பெயர்?
(ஒரு கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: உண்டு. 'நோமென் ரெயிசியெண்டும்' என்பது அதற்கான தொடர். விலக்கற்பால பெயர் என்று சொல்லலாம். சுருக்கமாக 'நோம். ரெஜ்.' என்று எழுதுவார்கள். ஒரு பெயரைக் காத்தால், அதற்குப் போட்டியாக நின்ற பெயர் இந்தப் பட்டியலுக்குப் போகும். முன் சொன்ன பால்சாமியா அப்படிப் போனதே.

நம் நாட்டுப் பெயர் ஒன்று இதில் சேர்ந்ததைச் சொல்ல எனக்குச் சற்று மனக்கஷ்டமே. மலையடிவாரங்களில் பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துச் செந்தீயாகப் பூத்து நிற்கும் புரச மரத்தை அறிவீர்கள். பலாசு என்றும் சொல்வோம். பதினேழாம் நூற்றாண்டில் டச்சு ஆளுநர் வான் ரீடு மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்' நூலில், அம்மரத்துக்கு உள்ளூர்ப் பெயரை ஒட்டிப் 'பிளாசோ' என்று எழுதினார். அதைக் கொண்டு ஆடன்சன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் 1763-இல் பிளாசோ என்றே பேரினப் பெயர் வைத்தார். பிறகு வந்த பியூட்டியா என்ற பெயரோ, பிரிட்டனின் தலைமை அமைச்சராக இருந்த பியூட் பிரபுவின் நினைவாக இட்டது. வழக்கில் வலுத்தது பியூட்டியா. ஆகவே அது காக்கப்பட்டது. முந்தியதும் நம் மண்ணின் ஒலியைத் தாங்கியதுமான பிளாசோ விலக்கப்பட்டது. எந்த வழக்கைக் காக்கிறோம் என்று பார்த்தால், அது பெரும்பாலும் அன்றைய ஐரோப்பிய நூல்களின் வழக்காகவே இருந்தது என்பதை இங்கே மறக்க முடிவதில்லை. அதே சமயம், புங்க மரத்தின் பொங்கேமியா என்ற பெயரும் காக்கற்பாலவற்றின் பட்டியலில் உண்டு. மலையாளத்தில் அம்மரத்தைச் சொல்லும் 'பொங்கம்' என்பதிலிருந்து பிறந்த பெயர் அது. ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயமாகாது என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறேன்.

வச்செல்லியாவுக்கு வருவோம். ஜார்ஜ் ஹார்வி வேச்சல் என்ற பாதிரியார் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் சமயப்பணி செய்தவர். சீனத் தாவரங்களைச் சேகரித்தவர். மணம் வீசும் மஞ்சள் உருண்டைப் பூக்களைக் கொண்ட கஸ்தூரி வேலைத் தனிப் பேரினமாகக் கருதி, அவர் நினைவாக இந்தப் பெயரை இட்டவர்கள் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னாட்டும். ஆண்டு 1834. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கஸ்தூரி வேலையும் அக்கேசியா என்றே தொடர்ந்து எழுதினார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தூங்கிய பெயர், பாகப்பிரிவினை வந்தபோது, அந்தப் பங்குக்குரிய பெயராக எழுந்து வந்தது.

ராபர்ட் வைட் கொங்கு நாட்டாருக்கு அயலார் அல்லர். மருத்துவராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அரும்பெரும் நூல்களைத் தந்த அவர், 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கிப் பார்க்கும் அரசுச் சோதனைப் பண்ணைகளின் பொறுப்பில் இருந்தார். தம் நூல்களுக்கு ருங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களைக் கொண்டே செடிகளை வரையச் செய்தார். அவர்கள் பெயரைப் படங்களில் பதிக்கவும் செய்தார். வேச்சல் இந்த மரத்தைப் பார்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்தப் பெயரை எழுதிய கை, பிற்பாடு பதினோரு ஆண்டு நம் கரிசலிலும் செம்மண்ணிலும் உழைத்தது. இதை அறிந்த பிறகு, வச்செல்லியா என்ற பெயரை எழுதும்போது எனக்கிருந்த அந்நிய உணர்வு பெரிதும் குறைந்துவிட்டது.

விலங்குகளுக்கு என்ன விதி என்றும் இன்னொரு வாசகர் ஒரு வரியில் கேட்டிருந்தார். அங்கே சட்டம் வேறு, சொற்களும் வேறு. நெடுங்காலம் வழங்கிய பெயர் 'நோமென் புரோடெக்டும்', அதாவது காவல்பெற்ற பெயர். மறந்துபோன முந்திய பெயர் 'நோமென் ஒப்லிட்டும்', அதாவது மறக்கப்பட்ட பெயர். முந்திய பெயரை 1899-க்குப் பிறகு எவரும் ஏற்ற பெயராக எழுதியிருக்கக் கூடாது. பிந்திய பெயரைக் கடந்த 50 ஆண்டுகளுக்குள், பத்தாண்டுக்குக் குறையாத காலப் பரப்பில், குறைந்தது 10 ஆசிரியர்கள் 25 நூல்கள் அல்லது கட்டுரைகளில் கையாண்டிருக்க வேண்டும். இவ்வளவு கணக்காக வரையறுத்திருப்பதால், பெரும்பாலான வழக்குகளில் மாநாடு கூட்டி வாக்கெடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்ட இருக்கிறோம். வெள்வேல், கருவேல், புங்கன், புரசு ஆகியவை உள்ளன. எந்தப் பெயரை எழுதுவது? 'நோம். கான்ஸ்.' என்பதையும் சேர்க்க வேண்டுமா?
(ஓர் ஆசிரியை, தாராபுரம்)

பதில்: சேர்க்க வேண்டாம். பெயர்களின் வரலாற்றை ஆராயும் நூல்களிலும், தாவரங்களை வகைப்படுத்தும் கட்டுரைகளிலும்தான் அந்தக் குறிப்புக்கு இடம் உண்டு. அங்கேயும் அது பெயரின் உறுப்பு அன்று. பெயரையும் அதை இட்டவரின் பெயரையும் எழுதி, காற்புள்ளி இட்டு, அதன் பின் எழுதுவது. மேலும் அது கம்மிஃபோரா, பியூட்டியா, அக்கேசியா போன்ற பேரினப் பெயருக்குச் சொல்லப்பட்டதே தவிர, ஒவ்வோர் இனத்துக்கும் சொல்லப்பட்டதன்று. அக்கேசியா, நோம். கான்ஸ். என்று ஒரு நூலில் கண்டால், அது இன்று ஆஸ்திரேலிய இனங்களைக் குறிப்பது என்று கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போகும் வழியில் மலைச்சரிவுகளை மூடி நிற்கும் சீகை மரங்கள் அங்கிருந்து கொண்டுவந்து நட்டவை. அவை இன்றும் அக்கேசியாவே. தலைக்குத் தேய்க்கும் சீக்காயும் அக்கேசியாவாக இருந்ததுதான். ஆனால் அதுவும் கருங்காலியும் இப்போது செனகாலியா என்ற மூன்றாம் பங்கைச் சேர்ந்துவிட்டன. பெயர் ஒலிப்பில் ஒத்திருப்பதால் மாணவர்கள் சீகையையும் சீக்காயையும் ஒன்றாகக் கருதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையில் முதல் வரியில் வெள்வேல் என்று நம் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். இரண்டாம் வரியில் வச்செல்லியா லியூகோஃப்ளோயியா என்று இன்றைய அறிவியல் பெயர் வரட்டும். மூன்றாம் வரியில், சிறிய எழுத்தில், 'முன்பு அக்கேசியா லியூகோஃப்ளோயியா' என்று எழுதத் தவறாதீர்கள். வனத்துறையின் பழைய அறிக்கைகளும், மேய்ச்சல் நிலங்களைப் பற்றிய ஆய்வுகளும், சித்த மருத்துவ நூல்களும் அந்தப் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கின்றன; அது தெரியாத பிள்ளை அவற்றில் தன் ஊர் மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தங்களால் முடிந்தால், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் உலர்தாவரச் சேகரிப்பைக் காண மாணவர்களை முன் அனுமதி பெற்று அழைத்துச் செல்லுங்கள். பாடம்செய்த செடியை ஒட்டிய தாளில், சேகரித்தவர் எழுதிய பெயர்ச் சீட்டு ஒரு மூலையில் இருக்கும். பிற்காலத்தில் பெயர் மாறினால், பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. அதன் அருகில் புதிய சீட்டு ஒன்றை எழுதி, தேதியிட்டு ஒட்டுவார்கள். தங்கள் பலகையிலும் எழுதிய ஆண்டை ஓர் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.